ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கர்: சூத்திரமும் உரையும்

கையுள் அடங்கிக் கம்பி இன்றி
ஆயிரம் கொடுத்தால் மீதியும் தந்து
வேண்டும் இடத்தில் வேண்டிய பாடும்
பெட்டி ஸ்பீக்கர் எனப்படு வதுவே.

என்பது சூத்திரம். இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், ப்ளூடூத் ஸ்பீக்கர் என்று கடைக்காரர் எடுத்து வைக்கும் பண்டங்களுள் ஆராய்ச்சிக்கு உரியது எது, அல்லாதது எது என்று வரையறுத்தல் நுதலிற்று. 'கையுள் அடங்கி' என்றமையால் சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் பெட்டிகள் விலக்கப்பட்டன. 'மீதியும் தந்து' என்றமையால், பத்தாயிரத்துக்கு வாங்கி யாரையும் தொடவிடாமல் ஷோகேஸில் பூட்டுவோர் விலக்கப்பட்டனர். 'வேண்டிய பாடும்' என்றது உபசார வழக்கு. பெரும்பாலும் அது அடுத்த அறையில் இருப்பவர் வேண்டியதையே பாடும். அதன் காரணம் பின்னர்க் கூறப்படும்.

அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது வாட் கணக்கு. ஆய்வு மாணவர் முதலில் வழுக்கி விழுவது இங்கேதான். டேப் ரெக்கார்டர் காலத்தில் பி.எம்.பி.ஓ. என்றொரு அளவை வழக்கில் இருந்தது. அலமாரித் தட்டில் அடங்கும் செட் ஒன்று ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிளக்கிலிருந்து அது இழுப்பதோ ஒரு குண்டு பல்புக்கு ஆகிற மின்சாரம். இப்போது ஆர்.எம்.எஸ். கணக்கில் 5 வாட், 10 வாட் என்று அடக்கமாகப் போடுகிறார்கள். 5-ஐவிட 10 இருமடங்காயிற்றே என்று கூடுதல் காசு எடுத்து வைப்பவர் ஒன்று அறிக: வாட் இருமடங்கானால் ஓசை கூடுவது 3 டெசிபல். காது அதைக் 'கொஞ்சம் பரவாயில்லை' என்ற அளவில்தான் வரவு வைக்கும். இருமடங்குச் சத்தமாகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதற்குச் சூத்திரத்தில் இடமில்லை.

அடுத்து, பேஸ் எனப்படும் அடித்தொனி. எழுத்தொலி பிறக்கும் முறையைச் சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து கிளம்பும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று வருவதாகக் கொள்கிறது. நம் பெட்டிக்கு மற்றவை எல்லாம் ஒருவாறு உண்டு, உந்திதான் சந்தேகம். உள்ளிருக்கும் கூம்பு இரண்டு அங்குல அகலம். அடித்தொனி பிறக்க நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். இரண்டு அங்குலக் கூம்பால் தள்ள முடிந்தது கொஞ்சம். பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்வது. பெட்டியோ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கச் சொன்னால் மூச்சு வாங்கும். இளையராஜா பாட்டில் பேஸ் கிதாரை மட்டுமே பின்தொடரும் ரசிகர் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் இந்த ஆய்வைப் படிக்காமலே ஹெட்போன் வாங்கிக்கொள்வது நலம்.

அற்றேல், பேஸ் கேட்கத்தானே செய்கிறது எனின், கேட்பிப்பது பெட்டி அன்று. 41 வராவிட்டாலும் அதன் மடங்குகளான 123, 164 முதலியவை வந்து சேர்கின்றன. இத்தனை பேர் வந்திருக்கும்போது வீட்டுப் பெரியவர் வராமலா இருப்பார் என்று மூளை தானே ஒரு 41-ஐ வருவித்துக்கொள்கிறது. ஒலியியலில் இது தெரிந்த சங்கதி. சூத்திரத்தில் இல்லாததை உரையாசிரியர்கள் வருவித்து உரைப்பதும் இப்படித்தான் என்பதால், இதில் குற்றம் காண எமக்குத் தகுதியில்லை. ஆனால் கொடுத்த ஆயிரத்தில் கணிசமான பங்கு உங்கள் மூளைக்குச் சேர வேண்டியது.

சில பெட்டிகளின் இரு கன்னத்திலும் ரப்பர் சவ்வு ஒன்று புடைத்துப் புடைத்து அடங்கும். அதற்கு ஒயர் கிடையாது. உள்ளே அடைபட்ட காற்று தள்ளுவதால் ஆடுவது. இதையே பெட்டியின் உந்தி எனக் கொள்க. குழந்தைகள் இதில் விரல் வைத்து அமுக்குவர், தடுக்க. உந்தி உடைய பெட்டியைச் சமையல் மேடையின் வழுவழு கிரானைட்டில் வைத்துத் தவில் தனியாவர்த்தனம் போட்டால் ஒரு விந்தை நிகழும். முதலில் பக்கத்திலுள்ள எவர்சில்வர் டம்ளர் கிணுகிணுக்கும். பிறகு பெட்டி தன் அதிர்வாலேயே நூல் நூலாக நகரத் தொடங்கும். தீர்மானத்துக்குள் சிங்க் வந்துவிடும்.

சிங்க்கில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஐ.பி. தரக்குறியீடு சொல்லும். ஐ.பி.எக்ஸ். 7 என்றிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாக்குப்பிடிக்கும். 4 என்றால் தெறிக்கும் தண்ணீரோடு சரி. நடுவில் நிற்கும் எக்ஸ், தூசிக்கு மதிப்பெண் போடப்படவில்லை என்பதன் அடையாளம். எல்லாம் வெறும் தண்ணீர்க் கணக்கு. புளிக்கரைசல் பற்றித் தரக்குறியீடு வாய் திறக்கவில்லை. மேலும், சார்ஜ் துளையின் ரப்பர் மூடி அழுத்தி மூடியிருந்தால்தான் இந்த உத்தரவாதம். அம்மூடி நாக்கைத் தொங்கப் போட்டபடி இருப்பதே உலக வழக்கு.

சார்ஜ் துளை என்றதும் ஒரு நுட்பம். டைப்-சி என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். புதுப் போனோடு வந்த, இரு முனையும் ஒன்றுபோல் இருக்கும் கேபிளைச் செருகினால் சில பெட்டிகளில் ஒரு பொட்டு ஏறாது. சார்ஜர் பாழ், பெட்டி பாழ் என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இரண்டும் பாழில்லை. 'எனக்குக் கரண்ட் வேண்டும்' என்று சார்ஜருக்குச் சொல்வதற்கென்று பெட்டிக்குள் இரண்டு சின்ன ரெசிஸ்டர் வைக்க வேண்டும். பைசா கணக்குப் பார்த்து அதை விட்டிருப்பார்கள். பழைய சார்ஜரின் பட்டை முனைக் கேபிளைப் போட்டால் சமர்த்தாக ஏறும்.

இனி இணைப்பு. ப்ளூடூத் என்பது 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்டின் பட்டப்பெயர். சிதறிக் கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவர் என்பதால், 1997-இல் இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக் இந்தப் பெயரை முன்மொழிந்தார். மன்னரின் ஆட்சி நம் வீடுகளில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். விடிகாலையில் சுப்ரபாதம் போடலாம் என்று அம்மா பெட்டியை ஆன் செய்கிறார். பெட்டி தேடிப் பிடிப்பது கடைசியாகப் பழகிய போனை. அது மாடியறையில், போர்வைக்குள், மகன் கையில் இருக்கிறது. அவன் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ரீல்ஸ் அடுப்பங்கரையில் முழங்குகிறது.

"முழிச்சுட்டியாடா? இறங்கி வந்து பால் வாங்கிட்டு வா."

இப்பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 79 தடங்களுக்குள் நொடிக்கு 1,600 தடவை வரை தாவித் தாவிப் பேசுபவை. எட்டும் தூரம் பத்து மீட்டர் என்பது பொதுவிதி. அந்த அலையைத் தண்ணீர் விழுங்கும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே போனுக்கும் பெட்டிக்கும் நடுவே சித்தப்பா வந்து நின்றால் பல்லவி விட்டுவிட்டு வருவதற்கு அறிவியல் ஆதாரம் உண்டு. ஆதாரத்தை அவரிடம் காட்ட வேண்டாம்.

டி.வி.யோடு இணைப்பவர்க்கு வேறொரு சங்கடம். ஒலியைப் பொட்டலம் கட்டி அனுப்பி, பிரித்து ஒலிக்க நொடியில் ஐந்தில் ஒரு பங்குபோல் ஆகும். படத்தை அதற்கேற்பத் தாமதிக்கத் தெரியாத டி.வி.யில், வடிவேலு கன்னத்தில் அறை விழுந்து அவர் முகம் கோணிய பிறகு 'பளார்' வரும். சிரிப்பு கெடுகிறது என்பர் ஒரு சாரார். இரண்டு தடவை சிரிக்கலாம் என்பது எம் கொள்கை.

ஆய்வுக்காலம் பற்றி ஒரு விதி: ஆடி மாதம் ஆகாது. அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் தென்னை மரத்தில் ஏறிய பின் கையடக்கப் பெட்டியின் குணநலன் எதையும் காதால் அறிய முடியாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. கூழ் ஊற்றும் வாரத்தில் அந்த எண்களைச் சொல்பவருக்குக் கூழ் கிடைக்காது.

இத்தனையும் ஆராய்ந்து எமக்குக் கிட்டிய முடிவு ஒன்றே. ஸ்பீக்கரின் தரம் அது எவ்வளவு உரக்கக் கத்தும் என்பதில் இல்லை, எவ்வளவு மெல்லப் பேசும் என்பதில் இருக்கிறது. உரக்கக் கத்த எல்லாப் பெட்டிக்கும் தெரியும். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் வால்யூமின் முதல் படியே தொட்டில் குழந்தையை எழுப்பிவிடும். அதற்குக் கீழே மௌனம். இன்னும் சிலவற்றில் பாட்டுக்கு அடியில் வடை பொரிகிற இரைச்சல் ஓடும். ஆன் செய்ததும் 'கனெக்டட்' என்று அறிவிக்கும் அம்மையாருக்கோ வால்யூம் பட்டன் செல்லாது. நடுநிசியானாலும் ஒரே குரல். சார்ஜ் தீரும்போது இவரே நிமிடத்துக்கொரு தரம் பாட்டை வெட்டி அதைச் சொல்வார். கச்சேரி அத்துடன் சரி. மனிதக் குரல் வாழும் நடுத்தொனியில் இப்பெட்டிகள் கெட்டி. செய்தி, பட்டிமன்றம், பழைய பாட்டு எல்லாம் துலங்கும். மெதுவாக வைத்தும் துலங்கினால் வாங்கலாம்.

ரிச்சி தெருவில் இம்முடிவைச் சோதித்தோம். கடைக்காரர் வழக்கப்படி குத்துப்பாட்டு ஒன்றை முழு வால்யூமில் போட்டார். கண்ணாடி மேசை அதிர்ந்தது.

"அண்ணே, அடி வரைக்கும் குறைச்சுக் காட்டுங்க."

"குறைச்சா? எல்லாரும் ஏத்தித்தான் சார் கேப்பாங்க."

"கேட்டும் கேட்காத மாதிரி இருக்கணும்."

குறைத்தார். இருவரும் குனிந்து காதைக் கொடுத்தோம்.

"சார், இவ்ளோதான் வேணும்னா போன்லயே கேட்டுக்கலாமே. ஸ்பீக்கர் எதுக்கு?"

இத்தடைக்கு விடை அடுத்த இயலில் கூறப்படும்.