பென்ஷன்காரர்

பென்ஷன்காரர் என்பவர் மாதம் முழுவதையும் ஒன்றாம் தேதியை நோக்கியே வாழ்கிறவர். அரசு அலுவலகம், பள்ளிக்கூடம், ரயில்வே, தபால் துறை என ஏதோ ஓரிடத்தில் முப்பது ஆண்டுக்குக் குறையாமல் உழைத்துவிட்டு, இனிமேல் தனக்காக உழைப்பது என்று தீர்மானித்தவர். தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் இருக்கிறார். நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், ஸ்ரீரங்கம் போன்ற இடங்களில் சற்று நெருக்கமாகவே இருக்கிறார். கையில் துணிப்பை, பைக்குள் பாஸ்புக், சட்டைப்பையில் சொந்தப் பேனா ஆகிய மூன்றும் இருந்தால் அவரேதான். வங்கியில் நூல் கட்டி வைத்திருக்கும் பேனாவை அவர் தொடுவதில்லை. அது எழுதாது என்பது அவருக்கு முப்பது ஆண்டுகளாகத் தெரியும். அவருடைய அலுவலகத்திலும் ஒன்று கட்டியிருந்தார்கள்.

இவர் உருவாகும் நாள் முன்கூட்டியே தெரிந்த ஒன்று. தமிழ்நாடு அரசு ஊழியரின் ஓய்வு வயது 58 ஆக இருந்து, 2020இல் 59, 2021இல் 60 என்று உயர்ந்தது. 60 வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. பள்ளியில் சேர்க்க வயது போதாத பிள்ளைகளுக்குத் தலைமை ஆசிரியரே மே, ஜூன் மாதங்களில் ஒரு பிறந்த நாளைப் போட்டுக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, வேலைக்குப் போய், மே 31ஆம் தேதியும் ஜூன் 30ஆம் தேதியும் கூட்டமாக ஓய்வு பெறுகிறார்கள். அந்த இரண்டு நாட்களில் சால்வை வியாபாரம் நன்றாக நடக்கும். பிரிவு உபசார விழாவில் அவருடைய இழப்பு ஈடுசெய்ய முடியாதது என்று நான்கு பேர் பேசுவார்கள். மாலை போட்டு, காரில் ஏற்றி, வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். மறுநாள் காலை அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து அந்த இழப்பை ஈடுசெய்துவிடுவார்.

வீட்டில் முதல் மூன்று மாதம் சோதனைக்காலம். இந்தச் சோதனை மனைவிக்கு. மனைவி எந்தத் தேதியிலும் ஓய்வு பெறவில்லை. அவருக்கு மேற்பார்வையாளர் ஒருவர் கூடியிருக்கிறார், அவ்வளவுதான். சமையலறை டப்பாக்களுக்கு வரிசை எண் ஒட்டப்படும். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி சுவரில் எழுதப்படும். துவரம்பருப்பு மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று விளக்கம் கேட்கப்படும். “என்னங்க, டப்பாவுக்கு நம்பர் ஒட்டினது போதும். லைப்ரரி திறந்திருப்பாங்க, கிளம்புங்க” என்று மனைவி சொல்லும் நாளில் சோதனைக்காலம் முடிந்து, பென்ஷன்காரர் முறைப்படி பென்ஷன்காரர் ஆகிறார்.

அவருடைய பொருளாதாரம் எளியது. ஆனால் அதில் ஓட்டை கிடையாது. பழைய ஓய்வூதிய முறையில் முழுப் பணிக்காலம் முடித்தவருக்குக் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதியும், அதன்மேல் அகவிலைப்படியும் கிடைக்கும். ஓய்வூதியத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது கம்யூடேஷன். விட்டுக்கொடுத்த பங்கு 15 ஆண்டு கழித்துத்தான் திரும்பி வந்து சேரும். எழுபத்தைந்தாம் பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொல்ல வருகிறவரிடம் அவர் முதலில் சொல்வது அந்தப் பங்கு திரும்ப வந்துவிட்ட செய்தியைத்தான். கம்யூடேஷன் பணமும் பணிக்கொடையும் பெண்ணின் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ பெரும்பாலும் போய்விடும். மிஞ்சுவது தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்குப் போகும். 2004இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் முதலீட்டு உச்சவரம்பு 2023இல் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. நம்மவருக்கு உச்சவரம்பைப் பற்றிய கவலை இல்லை. 10 லட்சம் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 20,500 ரூபாய். அதைத்தான் அவர் கவனிக்கிறார்.

இந்த வட்டி ஆண்டுக்கு நான்கு முறை வருகிறது. நான்குக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார். ஏப்ரல் வட்டி, கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுடைய மாம்பழத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும். ஜூலை வட்டி ஆடித் தள்ளுபடிக்கு. அக்டோபர் வட்டி தீபாவளிக்கு. ஜனவரி வட்டி பொங்கலுக்கும், மார்கழியில் கைமீறிப் போனதைச் சரிக்கட்டவும். ஓய்வூதியம் அரிசிக்கும் மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும், வட்டி ஆசைக்கு. அசலைத் தொடுவது பாவம். பெரிய நிதி ஆலோசகர்கள் பக்கம் பக்கமாக எழுதுவது அவருடைய டைரியின் முதல் பக்கத்தில் மூன்று வரியில் இருக்கிறது. டைரி, மருந்துக்கடை இலவசமாகக் கொடுத்தது.

அகவிலைப்படி தனி இயல். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலிருந்தும் ஜூலையிலிருந்தும் கணக்கிட்டு அது உயர வேண்டும். ஆணை எப்போது வரும், எத்தனை சதவீதம் என்பதை, விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பார்த்து அரசுக்கு முன்பே அவர் போட்டுவிடுவார். விலைவாசி ஏறினால் நாடு வருந்துகிறது. அவரும் வருந்துகிறார், வருந்திக்கொண்டே பென்சிலை எடுக்கிறார். ஆணை தாமதமானால் அரியர்ஸ் வரும். அரியர்ஸ் என்பது எந்தச் செலவுக்கும் எழுதி வைக்காத பணம், ஆகவே அதைவிட இனிப்பான பணம் கிடையாது. கொரோனா காலத்தில், 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை மத்திய அரசு அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தது. அந்த 18 மாத நிலுவை பிறகும் வரவில்லை. கல்யாண வீட்டில் மத்திய அரசு பென்ஷன்காரருக்கு அருகில் உட்கார நேர்ந்தவர்களுக்கு, பாயசம் வருவதற்குள் இது தெரிந்துவிடும்.

சிறு சுகங்களில் முதலிடம் காபிக்கு. அரைக் கிலோ பொடியை மொத்தமாக வாங்கி வைப்பது அவருடைய சாத்திரத்தில் இல்லை; 100 கிராம், வாரம் இருமுறை, அப்போதே வறுத்து அரைத்தது. பீபெரி எண்பது, சிக்கரி இருபது. அரைவை இயந்திரத்தில் முந்தைய வாடிக்கையாளரின் பொடி கொஞ்சம் தங்கும் என்பது அவர் கண்டறிந்த உண்மை. “தம்பி, இதுக்கு முன்னாடி அரைச்சவர் சிக்கரி எவ்வளவு போட்டாரு?” என்று கேட்பார். “நாப்பது சார்.” “அப்ப முதல்ல விழற ஒரு கைப்பிடியத் தள்ளிட்டுப் போடு.” “தள்ளலாம் சார், ஆனா உங்க எடைல குறையும்.” தரமா, எடையா என்ற இந்தச் சிக்கலுக்கு அவர் கண்ட தீர்வு, கடையின் ஷட்டர் ஏறும்போதே வாசலில் நிற்பது. நாளின் முதல் அரைவை அவருடையது; இயந்திரம் சுத்தம். அதற்காக ஒரு கிலோமீட்டர் நடக்கிறார். அந்த நடை மருத்துவர் சொன்ன நடையில் வரவு வைக்கப்படுகிறது. வாரநாட்களில் ஆவின் நீல பாக்கெட், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொழுப்பு நிறைந்த ஆரஞ்சு பாக்கெட். ஞாயிறு காலைக் காபியைப் பற்றிச் சனிக்கிழமை இரவே பேச்சு தொடங்கிவிடும். தினமும் ஆரஞ்சு வாங்க அவரிடம் காசு இல்லாமல் இல்லை. தினமும் வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது.

அடுத்தது பத்திரிகை. வீட்டில் ஒரு நாளிதழ். மற்றவை எல்லாம் அரசு நூலகத்தில். வீட்டுப் பத்திரிகை அவர் பிரிக்காமல் யாரும் பிரிக்கக் கூடாது. ராசிபலனில் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே படிப்பார். படித்த தாள் அடுக்கப்பட்டு, பழைய பேப்பர்காரர் வரும் நாளில் எடைக்குப் போகும். அப்போது வீட்டுக்குள்ளிருந்து சொந்தத் தராசு ஒன்று வெளிவரும்.

மாதத்துக்கு ஒரு முறை ஓட்டல். பென்ஷன் வந்த மூன்று நாளுக்குள் கணவனும் மனைவியுமாக மாலையில் கிளம்புவார்கள். விலைப்பட்டியலை மேலிருந்து கீழே படித்து, கடைசியில் மினி டிபன் சொல்வார். ஒரே விலையில் இனிப்பு, பொங்கல், குட்டி இட்லி, சின்ன தோசை, காபி என்று ஐந்து வகை. இரண்டாவது தட்டு நெய் ரோஸ்ட். இரண்டும் நடுவில் வைக்கப்படும். சாம்பார் மூன்று முறை வரும். டிப்ஸ் கொடுப்பார், எவ்வளவு என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே தனிச் சில்லறையாக எடுத்து வந்திருப்பார்.

மார்கழியில் சென்னைப் பென்ஷன்காரர் கோடீஸ்வரர். பல சபாக்களில் பகல் கச்சேரிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பாடுகிறவர்கள் இளைஞர்கள், கேட்கிறவர்கள் இவர்கள். “இந்தப் பொண்ணு இன்னும் அஞ்சு வருஷத்துல டிக்கெட் போட்டுப் பாடும். இப்பவே கேட்டுடணும்” என்பார், பங்குச் சந்தையில் போடாத முதலீட்டை இங்கே போடுகிறார். கச்சேரியில் மிச்சமான காசு சபா கேண்டீனில் கீரை வடையாக மாறும். போக வர மாநகரப் பேருந்து. 60 வயதான சென்னைவாசிகளுக்கு மாதம் 10 இலவச டோக்கன் தரும் திட்டம் 2016இல் வந்தது. மார்கழிக்காகக் கார்த்திகையில் அவர் அந்தப் பத்தையும் எப்படிக் கையாளுகிறார் என்பது போர்த்தந்திரம்.

நீண்ட பயணத்தில் அவருக்கு ஒரு காயம் உண்டு. ரயிலில் 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் 20 முதல் நின்றுபோனது. இன்றும் டிக்கெட் எடுத்தவுடன், சலுகை இருந்திருந்தால் எவ்வளவு என்று ஓரத்தில் எழுதிவைப்பார். கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் மிச்சமிருக்கிறது. அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்ததில் அவருக்கு வருத்தம். காசிக்குப் போவதில் பாதிச் சுகம், காசிக்குப் போகப் போவதைப் பற்றிப் பேசுவதில் இருக்கிறது; அதில் 60 நாள் வெட்டப்பட்டுவிட்டது.

ஆண்டுக்கு ஒரு முறை, தான் உயிரோடு இருப்பதை அவர் நிரூபிக்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியருக்கு அது நவம்பர். மாநில அரசு ஓய்வூதியருக்கு நேர்காணல். 2014இல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்றிதழ் வந்தது, வீட்டிலிருந்தே கொடுக்கலாம். ஆனாலும் பலர் நேரில்தான் வருகிறார்கள். நேரில் வந்தால் பழைய சகாக்களைப் பார்க்கலாம். யார் வரவில்லை என்பதும் தெரியும். டிசம்பர் 17 ஓய்வூதியர் தினம். ஓய்வூதியம் அரசின் கருணைக் கொடை இல்லை, உரிமை என்று 1982இல் உச்ச நீதிமன்றம் நகரா வழக்கில் தீர்ப்பளித்த நாள் அது. சங்கக் கூட்டத்தில் தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறும். பஜ்ஜிக்குச் சட்னி போதவில்லை என்பதில் மட்டும் விவாதம் நடக்கும்.

அவருடைய தொலைநோக்குத் திட்டம் உடம்பு. மத்திய அரசு விதிப்படி 80 வயதில் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் நூறு சதவீதம். அதாவது, நூறாவது வயதில் அடிப்படை ஓய்வூதியம் இரட்டிப்பு. இதைவிட நீண்ட முதிர்வுக் காலம் உள்ள வைப்புத் திட்டம் எந்த வங்கியிலும் இல்லை. காலை நடை, இலவச முகாமில் சர்க்கரைப் பரிசோதனை, மைசூர்பாகில் கால் துண்டு ஆகிய எல்லாம் அந்த வைப்புக்குக் கட்டும் தவணைகள். கால் துண்டு என்பது எவ்வளவு என்பதில் மட்டும் மனைவிக்கும் அவருக்கும் அளவு வேறுபடும்.

இப்படிப்பட்டவரைக் கஞ்சர் என்று சொல்வது தவறு. கஞ்சர் செலவழிக்காமல் மகிழ்கிறவர். பென்ஷன்காரர் செலவழித்து மகிழ்கிறார், ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு நாள் முழுக்க மகிழ்ச்சி எடுத்துவிடுகிறார். அவரிடம் ஏராளமாக இருப்பது நேரம்; ரூபாய் குறைகிற இடத்தில் அதைப் போட்டு நிரப்புகிறார். இதற்கெல்லாம் அடிப்படை, தேதி தவறாமல் வரும் ஒரு தொகை. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் அரசு வேலையில் சேர்ந்தோர் பழைய திட்டத்துக்குள் வரவில்லை. தனியார் வேலையில் இருப்போருக்கு வருங்கால வைப்பு நிதி வழியாகக் கிடைக்கும் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இலிருந்து மாதம் 1,000 ரூபாய்தான். அவர்களில் பலர் அந்த ஒன்றாம் தேதியைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சம்பளம் வருகிற காலத்திலேயே கட்டத் தொடங்கவும் வேண்டும்.

எப்படிக் கட்டுவது என்று கேட்க விரும்புகிறவர்கள் இவரை ஒரு காபிக்கு அழைத்துப் போகலாம். எல்லாவற்றையும் சொல்லித்தருவார், நேரம் நிறைய இருக்கிறது. காபிக்குக் காசு யார் கொடுப்பது என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.