மூடியைத் தவிர எல்லாம்

எங்கள் வீட்டுக் கமோடுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் நிறைந்து நிற்கும். ஃப்ளஷ் கைப்பிடியை அழுத்தினால் தண்ணீர் வரும், சுற்றும், யோசிக்கும், போகவேண்டியதைப் பாதி வழியில் விட்டுவிட்டு அடங்கிவிடும். பிறகு வாளியைத் தூக்கி ஊற்றினால் எல்லாம் ஒரே போக்கில் போய்விடும். விருந்தாளி யாராவது எழுந்து அந்தப் பக்கம் நடந்தால், இதை யார் சொல்வது என்று நானும் மனைவியும் கண்ஜாடையிலேயே சண்டை போடுவோம். உறவில் ஒரு பெரியவரிடம் நானே சொல்லிவிட்டேன். "அதனால என்ன தம்பி, எங்க ஊர்ல எல்லாம் வாளிதானே" என்றார். ஆறுதலா குத்தலா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

இதைச் சரிசெய்ய நான் எடுத்த முயற்சிகளில் ஒரு ஒழுங்கு உண்டு. தூரத்தில் இருப்பவரை முதலில் சந்தேகிப்பேன். முதல் குற்றவாளி தெருவின் பாதாளச் சாக்கடை. மேன்ஹோல் மூடிக்குப் பக்கத்தில் நின்று நெடுநேரம் உற்றுப் பார்த்தேன். ஒன்றும் புரியாததால் குற்றம் உறுதியானது. அடுத்து மாடிவீட்டுக்காரர்கள். அவர்கள் எதையோ போட்டு அடைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, படிக்கட்டில் பார்த்தால் சிரிப்பதை நிறுத்தினேன்.

பிறகு வென்ட் பைப். கழிவுக் குழாயில் தண்ணீர் இறங்கும்போது அதன் பின்னால் காற்று வந்தாக வேண்டும். மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழாய் அடைபட்டால் கமோடு 'களக் களக்' என்று சத்தம் போடும். எங்களுடையது அப்படி ஒரு சத்தமும் போட்டதில்லை. இருந்தாலும் ஏறினேன். குழாயின் தலையில் கூடும் இல்லை, குப்பையும் இல்லை. "என்ன சார், டிஷ் வரலையா?" என்று பக்கத்து மாடியிலிருந்து கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன்.

நான்காவதாக போர் தண்ணீர்மேல் வழக்குத் தொடுத்தேன். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கமோடு விளிம்புக்கு அடியில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு அங்கே படிந்து துளைகளை அடைத்தால் தண்ணீர் சரிந்து விழாமல் சொட்டும். ஆசிட் வாங்கி ஊற்றினேன். கண் எரிந்ததுதான் மிச்சம். வீரியம் போதவில்லை என்று பிளீச்சிங் பவுடரையும் கையில் எடுத்தபோது மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிப்பறையில் அது ஆளையே தூக்கிவிடும். கல்லூரியில் வேதியியல் படித்தவன் நான். அவள் படித்தது வணிகவியல்.

வேலை ஆகாதபோது வரலாறு படிப்பது என் வழக்கம். 1596இலேயே இங்கிலாந்தில் ஜான் ஹாரிங்டன் ஃப்ளஷ் கழிப்பறையைப் பற்றிப் புத்தகம் எழுதியதையும், 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் எஸ் வடிவ வளைவுக்குக் காப்புரிமை வாங்கியதையும் தெரிந்துகொண்டேன். சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்த வளைவில் தேங்கும் தண்ணீர்தான். சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் விளக்கினேன். "சரிங்க, நாளைக்கு பிளம்பரைக் கூப்பிடுங்க" என்றாள்.

பிளம்பர் வந்தார். சாக்கடை, மாடிவீடு, வென்ட் பைப், சுண்ணாம்பு என்று என் ஆய்வு முழுவதையும் அவரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நிறைந்து நின்ற வாளியைத் தூக்கி ஒரே வீச்சில் கமோடில் கவிழ்த்தார். கபக்கென்று போனது.

"கீழ எந்த அடைப்பும் இல்ல சார். கோளாறு மேலதான்."

வாளித் தண்ணீர் தடையில்லாமல் போனால் வளைவும் குழாயும் சுத்தம், குறை டேங்கிலோ விளிம்புத் துளைகளிலோ. வாளித் தண்ணீரும் மேலேறி நின்றால் அடைப்பு. பரிசோதனை அவ்வளவுதான். நாங்கள் அதை ஆண்டுக்கணக்கில் தினமும் செய்திருக்கிறோம், விடையைத்தான் பார்க்கவில்லை.

டேங்க் மூடியைத் தூக்கினார். உள்ளே இரண்டு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள், மணல் நிரப்பி, நிம்மதியாக நின்றுகொண்டிருந்தன. பந்து மிதவையின் கம்பியும் கீழ்நோக்கி வளைத்து விடப்பட்டிருந்தது.

"யாரு சார் இது வெச்சது?"

"முன்னாடி குடியிருந்தவங்களா இருக்கும் அண்ணே."

"ஏங்க, ரயில்ல தண்ணி வந்த வருஷம் நீங்கதானே வெச்சீங்க?" என்றது வாசற்படிப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

2019 கோடை. பூண்டியும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. சிக்கனம் என்று பாட்டில்களை இறக்கி, கம்பியையும் வளைத்தவன் நான்தான். மழை வந்தது, ஏரி நிரம்பியது, பாட்டில்கள் அங்கேயே இருந்துவிட்டன.

எங்களுடையது பழைய பத்து லிட்டர் டேங்க். என் கைங்கரியத்துக்குப் பிறகு அதில் பாதிதான் தேறியது. இப்போதைய கமோடுகள் ஆறு லிட்டருக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. எங்கள் பழைய கமோடுக்கு அது போதாது. வளைவில் தேங்கிய தண்ணீரை மேட்டுக்கு மேல் தள்ளிவிட, மேலிருந்து மொத்தமாகவும் வேகமாகவும் விழ வேண்டும். மட்டம் தாழ்ந்தால் வேகமும் தாழும். மிச்சம் பிடித்த ஐந்து லிட்டருக்காக, இரண்டாம் தடவை ஃப்ளஷ், அதற்குமேல் ஒரு வாளி என்று தினமும் அள்ளிக் கொட்டியிருக்கிறோம்.

பிளம்பர் பாட்டில்களை எடுத்தார்; ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு ஒரு அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி கம்பியை நிமிர்த்தினார். கைப்பிடியை அழுத்தியதும் கமோடு போட்ட இரைச்சலில் மாடிவீட்டுக் குழந்தை எழுந்துவிட்டதாம். மறுநாள் படிக்கட்டில் நானாகவே சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஊரிலிருந்து வந்த மச்சானிடம், "இதுக்கெல்லாம் பிளம்பரே வேண்டாம் மாப்ள, இப்படித் தூக்கணும்" என்று மூடியைத் தூக்கிக் காட்டினேன். பீங்கான், கை ஈரம், தரை டைல்ஸ். மூடியைத் தனியாக விற்பதில்லை, அந்த மாடலே இப்போது வருவதில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

போன வாரம் டெங்குக் கொசு பார்க்க மாநகராட்சியிலிருந்து வந்த அம்மா, திறந்து கிடந்த டேங்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மூடி எங்க சார்?" என்று கேட்டார். முன்னாடி குடியிருந்தவர்கள் என்று வாயெடுப்பதற்குள், மனைவி வாசற்படிக்கு வந்துவிட்டாள்.