பயிற்சிக்கு ஒரு பாராட்டு

பயிற்சி என்றாலே சலித்துக்கொள்ளும் ஆசிரியர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. எங்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு நடக்கும் பணியிடைப் பயிற்சியைப் பாராட்ட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். கீழே இருப்பதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

முதலில் அதன் ஒழுங்கு. காலையில் ஒரு கையொப்பம், மாலையில் ஒரு கையொப்பம், இடையில் ஒரு குழுப்படம். பதினோரு மணித் தேநீர் ஒருநாளும் பிந்தியதில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதில் பயிற்சிக்கு இருக்கும் அக்கறையை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

அடுத்து, பயிற்சி நடத்தும் கருத்தாளரின் உழைப்பு. மேல்மட்டப் பயிற்சியில் அவர் இரண்டு நாள் கேட்டதை எங்களுக்கு ஒரே நாளில் தந்துவிடுகிறார். பயிற்சிக் கட்டகத்தில் ஒரு வரியைக்கூட விடமாட்டார். கடைசியாக நடந்த பயிற்சியின் தலைப்பு, 'ஆசிரியர் பேச்சைக் குறைத்துக் குழந்தைகளைப் பேசவைத்தல்'. மதியச் சாப்பாடு வரை அதைத் தனியாளாக விளக்கினார். அரங்கு நிறைய ஆசிரியர்கள் இருந்தோம், ஒருவரும் குறுக்கே பேசவில்லை. அவ்வளவு அமைதியான வகுப்பை நான் நடத்தியதே இல்லை. காலையில் முன்திறனறித் தேர்வு, மாலையில் அதே வினாத்தாளில் பின்திறனறித் தேர்வு. விடைகளை முன்பே சொல்லிவிடுவதால் எல்லோரும் தேறிவிடுகிறோம். யாரையும் பின்தங்க விடாத பயிற்சி அது.

புதுமைக்கு அது தரும் மரியாதையையும் சொல்ல வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் வந்தது. ஏணிப்படி, அட்டைகள், பாயில் குழந்தைகளோடு உட்காரும் ஆசிரியர், குழந்தையின் கைக்கு எட்டும் கரும்பலகை. 2012-13இல் முப்பருவ முறை வந்தது, கூடவே வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60 மதிப்பெண் என்று புது மதிப்பீடு. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம், அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள். ஒவ்வொன்றும் நல்ல யோசனைதான். பாயில் உட்கார்ந்த காலத்தில்தான் என் பிள்ளைகளின் கையெழுத்தை அருகிலிருந்து பார்த்தேன், அதை மறக்கமாட்டேன். ஒவ்வொரு முறையும் புதியதைப் பற்றி முழு நாளும் சொன்னார்கள். முந்தையதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கேட்டு எங்கள் நேரத்தை ஒருமுறைகூட எடுத்துக்கொள்ளவில்லை. செயல்வழிக் கற்றல் அட்டைகள் எங்கள் பீரோவின் மேல் பத்திரமாக இருக்கின்றன.

பயிற்சியால் எங்கள் திறமையும் வளர்ந்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். எங்கள் பள்ளியும் அப்படித்தான். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பையும் மற்றவர் பார்ப்பார். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடும் ஆற்றல் எங்களுக்கு வேறு எப்படி வந்திருக்கும்?

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். ம, ர, ம் என்று எழுத்துகளைத் தடுமாறாமல் தனித்தனியே சொல்வான். சேர்த்துச் சொல்லுப்பா என்றால் படத்தைப் பார்த்துச் 'செடி' என்பான். படத்தைக் கையால் மறைத்தால் புத்தகத்தை விட்டுவிட்டு என் வாயைப் பார்ப்பான். என் உதடு எப்படி அசைகிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது அவன் கணக்கு. எவ்வளவு புத்திசாலிப் பையன்! எழுத்துகளைச் சேர்க்கும் அந்த இடத்தில் அவனுக்கு எது தடுக்கிறது, அதற்கு நான் என்ன செய்யலாம் என்று பயிற்சியில் எழுந்து கேட்டேன். கருத்தாளர் பொறுமையாகக் கேட்டார், நல்ல கேள்வி என்றார், எல்லோரையும் எனக்காகக் கைதட்டச் சொன்னார். பிறகு அடுத்த அமர்வு தொடங்கியது. படங்களைச் செயலியில் பதிவேற்றுவது எப்படி என்பது அதன் தலைப்பு.

அந்தச் செயலியையும் பாராட்டாமல் விடக்கூடாது. என் பையனை அது 'அரும்பு' என்று ஒருநாளும் மறக்காமல் நினைவில் வைத்திருக்கிறது. சத்துணவு சாப்பிட்டவர் எத்தனை பேர், சீருடை வாங்கியவர் எத்தனை பேர், எல்லாம் அதற்குத் தெரியும். சர்வர் மெதுவாக இருக்கும் காலை வேளையில் நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கற்பித்தல் அல்லாத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்குத்தான் விலக்கு. செயலி எங்களை எங்கேயும் அனுப்புவதில்லை. வகுப்பறையில் நிற்கவைத்தே வேலையை முடித்துக்கொள்கிறது.

ஒன்றை மட்டும் மனத்தாங்கலோடு சொல்கிறேன். இவ்வளவு ஒழுங்கும் உழைப்பும் உள்ள பயிற்சி என் வகுப்புக்கு இதுவரை வந்ததில்லை. அந்தக் கருத்தாளரும் ஒரு காலத்தில் பாடம் நடத்தியவர்தான், நல்ல ஆசிரியர் என்று அவருடைய பழைய மாணவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

திட்டமிடுகிறவர்களே, அடுத்த பயிற்சியை ஒரு பள்ளிக்கூடத்தில் வையுங்கள். எங்கள் கண்ணெதிரே, எங்கள் பிள்ளைகளுக்கு, கருத்தாளர் ஒரே ஒரு பாடவேளை நடத்தட்டும். பாடம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, ஏன் வரவில்லை என்று மாலை வரை உட்கார்ந்து பேசுவோம். அந்த நாளுக்குக் கையொப்பம் வாங்கத் தேவையிருக்காது. நாங்களே வருவோம்.