பம்ப்பை அவிழ்ப்பதா, எடைக்குப் போடுவதா?

கோவையில் பழைய இயந்திரம் எதுவும் லேசில் காயலான் கடைக்குப் போய்விடாது. போக விடமாட்டார்கள். ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் 1937இல் உள்நாட்டு மின்மோட்டார் உருவான ஊர் இது. 1960இல் தொடங்கிய எல்ஜி எக்யுப்மென்ட்ஸ் கம்ப்ரசருக்குப் பேர்போனதும் இங்கிருந்துதான் (கொரியாக்காரர்களின் டி.வி. கம்பெனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது). ஆவாரம்பாளையத்திலோ கணபதியிலோ ஒரு சந்துக்குள் நுழைந்தால் லேத் ஓடும் சத்தம் கேட்காமல் வெளியே வர முடியாது. அதனால் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் “முடியாது” என்று யாரும் சொல்வதில்லை. “பண்ணிரலாங்க, ஆனா...” என்பார்கள். அந்த ‘ஆனா’வில் மாட்டிக்கொண்டார் சத்தி ரோட்டுப் பக்கம் டூவீலர் பட்டறை வைத்திருக்கும் ஒருவர்.

அவருடைய கம்ப்ரசர் மூன்று குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், 220 லிட்டர் டேங்க். எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குப் புது பெயிண்டும் சந்தனமும் ஏறி, பெயர்த்தகடு எப்போதோ உள்ளே போய்விட்டது.

நோய் என்னவென்றால், காற்று ஏறவில்லை. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு முக்கு பேக்கரிக்குப் போய் (கோவையில் டீ குடிக்கிற இடத்துக்குப் பெயர் பேக்கரி) டீ குடித்து, தேங்காய் பன் தின்று, ஊர் நியாயம் முழுக்கப் பேசித் திரும்பினாலும் முள் 80 பவுண்டில் நின்றுகொண்டு ‘வந்துட்டீங்களா’ என்று கேட்கும். மச்சான் மகன் இன்ஜினியரிங் படிக்கிறவன். போனில் கணக்குப் போட்டான். 100 பவுண்டு என்பது ஏறக்குறைய ஏழு மடங்கு காற்றழுத்தம். 220 லிட்டர் டேங்கில் அதை ஏற்ற 1,540 லிட்டர் காற்று வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் மூன்று குதிரைத்திறன் பம்ப் நிமிடத்துக்கு 230 லிட்டராவது தள்ளும். “ஏழு நிமிஷத்துல ஏறணும் மாமா.” மாமாவுக்கு அந்தக் கணக்கில் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை. பேக்கரியில் கடன் ஏறிய வேகம்தான் அவருக்குச் சரியான அளவுமானி.

பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வைத்தியர்கள். “ரிங் போச்சுங்ண்ணா” என்றார் கிளட்ச் கேபிள் மாற்ற வந்தவர். இன்னொருவர் மோட்டாரோடு நேரடியாகப் பூட்டிய புது மாடல் வாங்கச் சொன்னார். அது நிமிடத்துக்கு 2,800 சுற்றுச் சுற்றும். போடுகிற கூச்சலில் வண்டிக்காரர் சொல்லும் குறை காதில் விழாது. தொழிலுக்கு அது வசதிதான் என்றாலும், எண்ணூறு சுற்றில் நிதானமாகத் தட்டிக்கொண்டிருக்கும் பழைய பம்ப்பை விட அவருக்கு மனசு வரவில்லை.

கடைசியில் ஒரு பெரியவர் வரவழைக்கப்பட்டார். அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஓடுகிற பம்ப்பின் வாயில் உள்ளங்கையைக் காட்டினார். சரியான பம்ப் கையை உள்ளே இழுக்க மட்டும் செய்யும். இதுவோ இழுத்த கையோடு திருப்பி ஊதியது. “வாங்குன மூச்ச அப்பவே விட்டுருது கண்ணு. சக்ஷன் வால்வு.” அப்புறம் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கிராங்க் கேஸில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். பட்டறையில் யாரும் மூச்சு விடவில்லை. கான்ராட் பேரிங்கில் தட்டல் இல்லை என்று தீர்ப்பு வந்தது.

கண்ணைத் திறந்தவர் பம்ப்பின் சக்கரத்தைப் பார்த்தார். “இது எப்ப இருந்து இப்படித் திரும்புது?”

யாருக்குத் தெரியும்? பெரியவர் சாவியால் பெல்ட் கார்டின் மேலிருந்த சந்தனத்தைச் சுரண்டினார். அதற்கடியில் பச்சைப் பெயிண்ட், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் ஓர் அம்புக்குறி. சக்கரம் அதற்கு நேர் எதிராகச் சுற்றிக்கொண்டிருந்தது. மாரியம்மன் நோம்பிக்கு முன்னால் மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போய் வந்தபோது மூன்று ஃபேஸ் ஒயரில் இரண்டு இடம் மாறியிருக்கிறது. இப்படி மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். பம்ப் அதைக் கண்டுகொள்ளாது. பிஸ்டனுக்கு ஏறி இறங்கினால் சரி, எப்படிச் சுற்றினாலும் காற்று அடைக்கும். ஆனால் அந்தச் சக்கரத்தின் ஆரங்கள் ஃபேன் இறக்கை மாதிரி சாய்த்து வார்க்கப்பட்டவை. சிலிண்டர் மேலும், இரண்டு சிலிண்டருக்கும் நடுவே போகிற செதில் வைத்த குழாய் மேலும் காற்று வீசுவதுதான் அவற்றின் வேலை. திருப்பிச் சுற்றினால் அந்தக் காற்று வேண்டிய இடத்துக்கு வராது.

அது சின்ன விஷயம் இல்லை. சூடு வெளியேற வழி இல்லாமல் காற்றை ஒரே மூச்சில் 100 பவுண்டுக்கு அமுக்கினால், கணக்குப்படி அது 250 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இடையில் ஆறவைத்து, இரண்டு தவணையாக அமுக்குவதற்குத்தான் இரண்டு சிலிண்டர். ஆறவில்லை என்றால் எண்ணெய் வால்விலேயே கருகிக் கரியாகப் படியும். அதிலும் இவர் ஊற்றி வந்தது கம்ப்ரசர் ஆயில் இல்லை. பைக்குகளில் ஊற்றியதுபோக டப்பாவில் மிஞ்சிய இன்ஜின் ஆயில்.

ஹெட்டைத் திறந்தால் உள்ளே அடுப்புக்கரி. வால்வு பிளேட்டின் ஓரத்தில் விரிசல். நியாயமாகப் பார்த்தால் இத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்: பிளேட் மாற்றி, கேஸ்கெட் போட்டு, ஒயரை மாற்றிப் பூட்டினால் பாதி வியாதி தீர்ந்தது. ஆனால் திறந்த சிலிண்டருக்குள் விரலை விடாத ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

“பாருங்க, கண்ணாடியாட்டப் பளபளன்னு இருக்குது” என்று பெருமைப்பட்டார் பட்டறைக்காரர். அந்தப் பளபளப்புதான் கோளாறு. எண்ணெய் தங்குவதற்காகச் சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் போடும் மெல்லிய கோடுகள் முழுக்கத் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். பெரியவர் நகத்தைக் கீழிருந்து மேலே ஓட்டினார். மேல் ஓரத்தில் ஒரு வரப்பு தட்டியது. ரிங் அதுவரை ஓடி ஓடித் தேய்த்திருக்கிறது. ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் இறக்கி, அதன் வாய் இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழைத்தார். இந்த 80 மில்லிமீட்டர் போருக்கு 0.3 மில்லிமீட்டர் போதும். ஒரு மில்லிமீட்டர் இலை தாராளமாகப் போய் வந்தது.

ஆக, 0.50 ஓவர்சைஸுக்குப் போர் பண்ண வேண்டும். பில் புக்கின் பின்பக்கம் பட்ஜெட் தாக்கலானது: போரிங் கூலி, பிஸ்டன், ரிங் செட், கட்ஜன் பின் புஷ், வால்வு பிளேட், கேஸ்கெட். புது பம்ப் விலையில் பாதியைத் தாண்டினால் பழசில் கை வைக்கக் கூடாது என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. கூட்டிப் பார்த்தால் பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. அதில் பெரியவரின் கூலியைச் சேர்க்கவில்லை என்பதைப் பெரியவர் உட்பட யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முடிவாகிவிட்டது என்று எல்லாரும் எழுந்த நேரத்தில் பெரியவர் குனிந்து டேங்கின் அடியைப் பார்த்தார். “இந்த டிரெயின் காக்க எப்பக் கண்ணு தொறந்த?”

அது திறக்கும் என்பதே செய்தியாக இருந்தது. அமுக்கிய காற்று ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி டேங்கின் அடியில் நிற்கும். தினமும் வடிக்காவிட்டால் உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். பம்ப் கெட்டால் வேலை நிற்கும், அவ்வளவுதான். டேங்க் போனால் கூரை போகும், ஆள் போவான். அதனால்தான் டேங்கைச் சோதிப்பது காற்றால் இல்லை, தண்ணீரால். தண்ணீர் அமுங்குவது மிகக் குறைவு. உடைந்தாலும் வெடிக்காமல் பீச்சி அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார்கள். வேலை அழுத்தம் 150 என்றால் ஒன்றரை மடங்கு, 225 பவுண்டு தாங்க வேண்டும். 190 வரும் முன்பே காலை ஒட்டிய வெல்டிங் ஓரத்தில் வேர்த்தது.

“கொஞ்சமாத்தானுங்க கசியுது. எம்-சீல் வெச்சுப் பாக்கலாங்களா?”

பெரியவர் பதில் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். பேட்ச் வெல்டிங் என்று வாயெடுத்த மச்சான் மகனும் அந்தப் பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

இத்தனை நாள் பம்ப்பைப் பற்றியே பட்டிமன்றம் நடந்தது, தோற்றது டேங்க். பம்ப் லேத்துக்குப் போனது, புது டேங்குக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அதுவரை “காத்து இருக்குதுங்களா?” என்று வருகிறவர்களைப் பட்டறைக்காரர் பெட்ரோல் பங்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். அங்கே காற்று இலவசம் என்பது அதில் பாதிப் பேருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. திரும்பி வருவார்களா என்பது அவருடைய புதுக் கவலை.

பழைய டேங்கை யாரும் வாங்கிப் பற்றவைத்துத் திரும்ப ஓட்டிவிடக் கூடாதென்று பெரியவர் அதில் கேஸ் கட்டரால் பெரிய ஓட்டை ஒன்று போட வைத்தார். காயலான் கடைக்காரர் வந்து டேங்கைச் சுற்றிப் பார்த்தார். தராசில் ஏற்றுவதற்கு முன்னால் அந்த ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

“வெட்டி எடுத்த துண்டு எங்கீங்க? அதையும் சேத்துப் போடுங்க.”