தோட்டத்தைப் பிடிக்குள் வைக்க

மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டம் நடத்த ஆசைப்படும் புது முதலாளிகளே, முதலில் கைப்பிடியைப் பழகுங்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒடித்து, கை நிறைவதற்குள் கூடையில் போட்டுவிட வேண்டும். ஆசைப்பட்டு அமுக்கி வைத்திருந்தால் கொழுந்து கசங்கிச் சூடேறிச் சிவந்துபோகும். ஆலையில் உருட்டிய பிறகு நடக்கவேண்டிய நொதிப்பு உங்கள் உள்ளங்கையிலேயே தொடங்கிவிடும். ஆகவே கொழுந்தைத் தளர்வாகப் பிடியுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டியது கொழுந்து எடுக்கிறவரை.

அதற்கு ஆள் பிடிக்க வேண்டும். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ (BOH) தேயிலை நிறுவனத்தைத் தொடங்கி இந்த மலையில் தேயிலை நட வந்தபோது, கீழே ரப்பர் தோட்டங்களில் இந்தக் கலை முற்றிப் பழுத்திருந்தது. தோட்டத்து ஆள் ஒருவரையே கங்காணியாக்கி, இந்தியாவில் அவர் பிறந்த ஊருக்கே கப்பலேற்றுவார்கள். கோட்டும் கடிகாரமுமாக அவர் திண்ணையில் உட்கார்ந்தால் போதும். மாமன் கூப்பிட்டால் மச்சான் வராமலா போவான்? வந்தவர்கள் வேலைக்கு இறங்கும் நாளெல்லாம் தலைக்கு இத்தனை காசு என்று கங்காணிக்குக் கொடுத்துவிடுங்கள். யார் காய்ச்சல் நிஜம், யார் காய்ச்சல் பொய் என்பதை அவரே விடியற்காலையில் லயத்து வீட்டுக் கதவைத் தட்டித் தீர்த்துவைப்பார். சொந்தபந்தத்தை வைத்தே ஆளை மேய்ப்பதைப் போல மலிவான நிர்வாகம் வேறில்லை. 1938இல் இந்திய அரசு இந்த ஆள்பிடிப்புக்குத் தடை போட்டது. பொறாமைதான், வேறென்ன.

அடுத்தது பிடித்தம். முன்பணம், கடைப்பற்று என்று சம்பளத்தில் ஏதாவது பிடித்துக்கொண்டே இருங்கள். தொழிலாளிக்குப் பிடிக்கிறதா என்று கேட்காதீர்கள்.

வீட்டை இலவசமாகவே கொடுங்கள், தாராளமாக. வேலை உள்ளவரை வீடு என்ற ஒரு வரி மட்டும் இருக்கட்டும். அப்பா வேலையிலிருந்து நிற்கும் நாளில், கூரை போய்விடக் கூடாதே என்று மகன் தானாகக் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்பான். கம்பிவேலிச் செலவு மிச்சம்.

பள்ளிக்கூடத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்து என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிவைத்தது. அதன் பலனைப் பாருங்கள்: படித்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். பிடி நழுவியது அங்கேதான்.

பரவாயில்லை, இப்போது வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து ஆள் வருகிறார்கள். கங்காணியின் இடத்தில் ஏஜெண்டு. பெர்மிட்டில் ஒரே முதலாளியின் பெயர்தான் இருக்கும், அதுவே பாதிப் பிடி. மீதிப் பாதிக்குக் கடப்பிதழை வாங்கி அலுவலகப் பெட்டியில் பூட்டுங்கள். அடுத்தவர் கடப்பிதழை இப்படி வைத்திருப்பது குற்றம் என்று 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டம் சொல்லும். யாராவது வந்து விசாரித்தால், ‘பாதுகாப்புக்காகத்தான் ஐயா’ என்று பணிவாகச் சொல்லுங்கள். தேநீர் கொடுங்கள். சாவி எங்கே என்று கேட்டால் மட்டும் பிடி கொடுக்காதீர்கள்.