கிளீவ்லாந்தில் ஒரு கட்டியக்காரன்

கிளீவ்லாந்து, ஓஹையோ
பங்குனி மாதக் கடைசி

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

சென்ற மாதம் நான் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை எந்தக் கல்யாண பேண்டு செட்டில் சேர்ந்திருக்கிறார், கிளாரினெட்டா டிரம்மா?" என்று தாங்கள் விசாரித்ததாகத் தங்கள் தங்கை சொன்னாள். சொன்னவள் அதோடு நிற்காமல், பேண்டு செட்டுக்காரனுக்காவது ராத்திரிச் சாப்பாடு உண்டு, எழும்பூர் ஸ்டேஷனில் சிவப்புச் சட்டை போட்ட போர்ட்டருக்காவது சுமைக்குக் கூலி உண்டு, இந்த மனிதருக்கு இரண்டும் கிடையாது என்று தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துக்கொண்டாள். ஆகவே குடும்ப கௌரவத்தை உத்தேசித்து, அந்தச் சிவப்புக் கோட்டின் விருத்தாந்தத்தை ஆதியோடந்தமாக எழுதிவிடுவதே உசிதமென்று தோன்றுகிறது.

இந்த ஊருக்கு வடக்கே ஓர் ஏரி இருக்கிறது. அதன் பெயரே ஏரி. "ஏரி ஏரி" என்று நாம் இரண்டு தரம் சொன்னால்தான் இவர்கள் ஒரு தரம் சொன்னதற்குச் சரியாகும். நம் ஸ்ரீபெரும்புதூர் ஏரியைப் போல மதகும் கலங்கலும் கொண்டு சாதுவாகக் கிடக்கிற ஜலமல்ல இது. சமுத்திரம் போல எதிர்க்கரை தெரியாமல் விரிந்து, கார்த்திகையிலிருந்து பங்குனி வரையில் தன் மேல் வீசுகிற காற்றையெல்லாம் பனியாக்கி ஊரின் தலையில் கொட்டுகிற துஷ்ட ஏரி. மகனும் மருமகளும் வேலைக்கும் பேரன் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு உத்தியோகம் இல்லாதிருந்தது. ஒரு நாள் மேஜை மேல் கிடந்த என் நோட்டுப் புத்தகத்தை மகன் புரட்டிப் பார்த்தான். எதிர்வீட்டுக்காரர் காரை எடுத்த நேரம், திரும்பிய நேரம், தாமதம் எத்தனை நிமிஷம் என்று கட்டம் போட்டு, சிவப்பு மையில் கூட்டலும் போட்டு வைத்திருந்தேன். இருபத்திரண்டு வருஷம் டைம் ஆபீஸில் இருந்த கை சும்மா இருக்குமா? "அப்பா, இந்த நாட்டில் இதற்குப் போலீஸ் வரும்" என்று சொல்லிவிட்டு, மறுவாரமே என்னைப் பிளேஹவுஸ் ஸ்கொயரில் தொண்டராகப் பதிந்துவிட்டான்.

பிளேஹவுஸ் ஸ்கொயர் என்பது யூக்ளிட் அவென்யூ என்ற ராஜவீதியில் தோளோடு தோள் உரசி நிற்கிற பழைய நாடகசாலைகளின் கூட்டம். ஸ்டேட், ஓஹையோ, ஹான்னா, ஆலன், பாலஸ் என்று ஐந்து அரங்குகள் 1921 பிப்ரவரிக்கும் 1922 நவம்பருக்கும் இடையே திறக்கப்பட்டனவாம். நம் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவாரம் போட்டுக் கிரகப்பிரவேசம் செய்கிற காலத்தில் இங்கே ஐந்து அரண்மனைகளைத் திறந்துவிட்டார்கள். நியூயார்க்கை விட்டால் இந்த நாட்டிலேயே பெரிய கலை வளாகம் இதுதான் என்று இவ்வூரார் பெருமை பேசுவார்கள். வீதி நடுவிலே, வெட்டவெளியில், மழைக்கும் பனிக்கும் நடுவே, 20 அடி உயரமுள்ள ஒரு சரவிளக்கை 2014ஆம் ஆண்டில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதிலே பளிங்குமணிகள் மட்டும் 4,200. ஒரகடம் கூட்டு ரோட்டில் உயர்கோபுர விளக்கைப் பார்த்தே "பட்டப்பகல் மாதிரி இருக்கிறதே!" என்று வியந்த ஜாதியல்லவா நாம்? முதல் நாள் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததில் என் குல்லாய் பின்பக்கம் விழுந்து பனியில் புதைந்துபோயிற்று.

இங்கே வருகிற ரசிகர்களைக் கதவு திறந்து வரவேற்று, டிக்கெட்டைச் சரிபார்த்து, டார்ச் அடித்து ஆசனத்தில் கொண்டுபோய் அமர்த்தி, நிகழ்ச்சிக் குறிப்பைக் கையில் கொடுத்து, இடைவேளையில் கழிப்பறைக்கு வழி சொல்லி, கடைசியில் சுகமாக வீடு போய்ச் சேரும்படி வாழ்த்தி அனுப்புகிறவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள். சிவப்புக் கோட்டு அணிவதால் இவர்களுக்கு ரெட்கோட் என்றே பெயர். ஓய்வுபெற்ற வாத்தியார்கள், நர்ஸுகள், பாங்கிக்காரர்கள் என்று பலதரத்தாரும் உண்டு. ஒருவருக்கும் தம்படி கிடையாது.

என் கஷ்டமோ வேறு விதம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் சாண்ட்ரோ கார் வெளியே வந்ததற்குப் பிறகு, நம் பக்கத்துப் புன்செய்யும் மேய்ச்சல் தரையும் சிப்காட் ஆகி, ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பேட்ஜ் மாட்டிக்கொண்ட காலத்தில் நான் சேர்ந்த தொழிற்சாலையின் பெயர் இங்கே எதற்கு? அதன் வாசலில் நான் செய்த வேலை என்னவென்று தங்களுக்குத் தெரியும். விடிகாலை ஆறு மணி ஷிப்டுக்கு வாலாஜாபாத்திலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் கம்பெனி பஸ்கள் வந்து நிற்க, அரைத்தூக்கத்தில் இறங்கி வருகிற ஒவ்வொருவனுடைய கழுத்துப் பட்டையையும், கைப்பேசிக் காமிராவின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரையும், டிபன் பாக்ஸில் சோறுதான் இருக்கிறதா என்பதையும் பார்த்து, ஐந்து நிமிஷம் பிந்தியவனை ஓரமாக நிறுத்தி, அரைநாள் சம்பளத்துக்குக் கோடு கிழிப்பது. ஜாதி பேதமில்லாமல் எல்லோருக்கும் வாசலைத் திறந்துவிட்ட உடையவர் ராமானுஜர், 1017ஆம் ஆண்டில் அவதரித்த ஊர் நம்முடையது. அதே ஊரில் பிறந்த நான், வாசலை மறித்துக்கொண்டு நிற்பதற்கு இருபத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன் என்பது இந்தத் தேசத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

முதல் நாள் ஸ்டேட் அரங்கின் கதவருகே என்னை நிறுத்தி, கையிலே ஸ்கேனர் ஒன்றைக் கொடுத்தார்கள். அது அச்சாக நம் கேட்டில் இருந்த யந்திரத்தின் ஒன்றுவிட்ட தம்பி. சரியானால் ஒரு சத்தம், தவறானால் வேறு சத்தம். பூர்வஜன்ம வாசனை போகுமா? வெல்வெட் கவுனும் முத்துமாலையுமாக வந்த ஒரு மூதாட்டியின் டிக்கெட்டுக்கு யந்திரம் தவறான சத்தம் போட்டதுதான் தாமதம், "ஐடி கார்டு எங்கே? ஓரமாக நில்லுங்கள்!" என்று இங்கிலீஷில் அதட்டிவிட்டேன். அந்த அம்மாள் நிஜமாகவே ஓரமாக நின்றுவிட்டாள். பக்கத்திலிருந்த மூத்த தொண்டர் ஓடிவந்து, ஆயிரம் மன்னிப்புக் கேட்டு, அது மறுநாள் ஆட்டத்தின் டிக்கெட் என்று கண்டு, டிக்கெட் கவுண்டருக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்து என்னிடம் அவர் சொன்ன உபதேசம் இவ்வளவுதான்: "யந்திரம் கோபித்துக்கொள்ளலாம், நாம் கோபித்துக்கொள்ளக் கூடாது." அன்று முழுவதும் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகினேன். பல்வலியா என்று தங்கள் தங்கை கேட்டாள்.

இரண்டாவது விபத்து மொழியினால் வந்தது. நாம் "இஸட்" என்று படித்த எழுத்தை இவர்கள் "ஸீ" என்கிறார்கள். மூன்றாவது எழுத்தையும் "ஸீ" என்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டென்று பேரன் சத்தியம் செய்கிறான். வாலாஜாபாத் போர்டு ஹைஸ்கூலில் படித்த என் காதுக்கு அது எட்டவில்லை. கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த அந்த ராத்திரி, கடைசி "ஸீ" வரிசையில் உட்கார வேண்டிய ஒரு தம்பதியை, வாய்ச்சொல்லை நம்பி, மேடைக்கு மூன்றாவது வரிசையில் கொண்டுபோய் அமர்த்தினேன். அவர்கள் முகத்தில் பூத்த ஆனந்தத்தைப் பார்க்க வேண்டுமே! ஐம்பதாவது கல்யாண நாளுக்குத் தியேட்டர்காரர்களே செய்த உபசாரம் என்று நினைத்துவிட்டார்களாம். பத்து நிமிஷத்தில் அந்த இடத்துக்கு உரியவர்கள் வந்து நின்றபோது, கிழவர் எழுந்து, என் தோளைத் தட்டி, "பரவாயில்லை, பத்து நிமிஷம் கோடீஸ்வரனாக இருந்தோம்" என்று சொல்லிவிட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். நான் இப்போது "ஆப்பிளுக்கு ஏ, பூனைக்கு ஸீ" என்று பாலர் வகுப்புப் பிள்ளை போலக் கேட்டுத்தான் ஆளை உட்காரவைக்கிறேன்.

இந்த ஸ்டேட் அரங்கின் முன்கூடம் 320 அடி நீளம். முகப்பை மட்டும் யூக்ளிட் வீதியில் குறுகலாக வைத்துக்கொண்டு, அரங்கைப் பின்னால் வெகுதூரம் தள்ளிக் கட்டினார்களாம். கோவிலில் ராஜகோபுரத்திலிருந்து கர்ப்பகிருகம் வரையில் நடந்து மனசைத் தயார்செய்துகொள்வது போல, இங்கேயும் சித்திரம் தீட்டிய சுவர்களுக்கு நடுவே நடந்து நடந்து, நாடகம் பார்க்கிற பக்குவம் வந்த பிறகே ஆசனம் கிடைக்கிறது. இந்தக் கூடம் ஒரு காலத்தில் இடிபட இருந்தது என்றால் நம்புவீர்களா? ஊர் ஜனங்கள் புறநகருக்குக் குடிபோய், டெலிவிஷன் வந்து, 1969க்குள் ஹான்னாவைத் தவிர மற்ற நான்கும் மூடிக்கிடந்தன. 1972இல் ஸ்டேட்டையும் ஓஹையோவையும் இடித்து, கார் நிறுத்துமிடமாக்கிவிட ஏற்பாடாகியிருந்தது. ஏரி வாயில் கண்டெயினர் லாரி நிறுத்துவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அதில் ஆச்சரியமில்லை.

ஆச்சரியம் அதற்கப்புறம்தான். ரே ஷெபர்ட்ஸன் என்பவர், பள்ளிக்கூட நிர்வாகத்தில் சாதாரண உத்தியோகஸ்தர், வாத்தியார்கள் கூட்டம் நடத்த இடம் தேடிக்கொண்டு 1970இல் இந்த இருட்டுக் கட்டடங்களுக்குள் நுழைந்தவர், திரும்பி வெளியே போக மனமில்லாமல் உத்தியோகத்தையே விட்டுவிட்டார். அரங்கு பாழாய்க் கிடந்ததால், 1973 ஏப்ரலில், நான் இப்போது நின்று டிக்கெட் பார்க்கிற இதே முன்கூடத்தில் நாற்காலி போட்டு, ழாக் ப்ரெல் என்ற பாட்டுக்காரரின் பாடல்களைக் கொண்ட ஒரு நிகழ்ச்சியை ஆரம்பித்தார்கள். சில வாரம் நடந்தால் போதுமென்று தொடங்கியது இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. 1982இல் ஓஹையோ, 1984இல் ஸ்டேட், 1988இல் பாலஸ், 1998இல் ஆலன் என்று ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. நம் ஊர் டூரிங் கொட்டகைக்கு அப்படியொரு பைத்தியக்காரர் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தாலும் பெண் கொடுத்த மாமனார் விட்டிருக்கமாட்டார்.

தாமதமாக வருகிறவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் பூர்த்தியாகாது. திரை தூக்கிய பிறகு வந்தவரை, நாடகத்தில் தக்கதோர் இடைவெளி வரும் வரையில் உள்ளே விடக்கூடாது என்பது சாஸ்திரம். டைம் ஆபீஸிலும் இதே தண்டனைதான்; ஆனால் அங்கே முறைத்துக்கொண்டு கொடுத்தேன், இங்கே சிரித்துக்கொண்டு கொடுக்கிறேன். வாங்குகிறவர்களுக்கு இரண்டில் எது அதிகமாக வலிக்கிறது என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. மாசி மாதத்து உறைபனியில் கார் மாட்டிக்கொண்டு பிந்தி வந்த ஒரு பெரியவரோடு அப்படி மூடிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தபோது, "உங்கள் ஊரில் பிந்தி வருகிறவர்களை என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்டார். பிந்துவதா? எங்கள் ஊர்க் கூத்து ராத்திரி பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும் வரையில் நடக்கும். நடு ஜாமத்தில் வந்தாலும் துரியோதனன் அப்போதுதான் சபைக்கு வந்துகொண்டிருப்பான். கதவே கிடையாது, அடைப்பதற்கு. ஆசனமும் கிடையாது, அவரவர் கொண்டுவந்த கோரைப்பாயே ஆசனம் என்றேன். "அப்படியானால் வரவேற்பது யார்?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போய்த்தான், மச்சான், எனக்கு விஷயம் விளங்கியது. கட்டியக்காரன் இருக்கிறானே! எல்லோருக்கும் முன்னால் களரிக்குள் வந்து, சபைக்கு வந்தனம் சொல்லி, முன்வரிசைக் கிழவியைப் பரிகாசம் செய்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பி, ராஜாவையே "நீர் யாரய்யா?" என்று கேட்டு ஜனங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறவன் அவனல்லவா? பிறகு திரை. இங்கே திரையை யந்திரம் தூக்குகிறது. நம் கூத்திலோ இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் பின்னால் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்க, கிரீடத்தின் நுனி மாத்திரம் தெரிய, கர்ணன் மெதுவாகப் பிரசன்னமாவான். திரௌபதி அம்மன் திருவிழாவில், முனை தளராமல், கை கடுக்க, அந்தத் திரையைத் தாங்களும் நானும் எத்தனை வருஷம் பிடித்திருக்கிறோம்! பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்தது, விடியற்காலையில் வேஷக்காரர்களுக்குச் சுக்குக் காபி கொண்டு ஓடியது, படுகளத்துக்கு மண் சுமந்தது, எதற்காவது கோட்டுக் கொடுத்தார்களா, பேட்ஜ் கொடுத்தார்களா? தொண்டர் என்று பேர் வைக்கத் தெரியாததனால் அதை நாம் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிக்கொண்டிருந்தோம். பெரியவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். உள்ளே கைதட்டல் கேட்டுக் கதவைத் திறக்கிற சமயம் வந்தும், "திரைக்குப் பின்னால் அப்புறம் என்ன ஆயிற்று?" என்று அவர் நகர மறுத்துவிட்டார்.

இதே வீதியில் கொஞ்ச தூரம் நடந்தால் கிளீவ்லாந்து ஸ்டேட் சர்வகலாசாலை. நம்மவர்கள் 1978இல் ஆரம்பித்து நடத்திவருகிற தியாகராஜ ஆராதனை இப்போது அங்கேதான், ஈஸ்டரை ஒட்டி, கச்சேரி மேல் கச்சேரியாக விமரிசையாக நடக்கும். சென்ற வருஷம் போயிருந்தேன். பழக்க தோஷத்தால் வாசலருகே நின்று, வருகிறவர்களையெல்லாம் "வாருங்கள், வாருங்கள்" என்று கைகூப்பினேன். நான்தான் காரியதரிசி என்று நினைத்து மூன்று பேர் காண்டீனில் காபி ஆறிப்போயிருப்பதாக என்னிடம் முறையிட்டார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஜனங்கள் சாரிசாரியாக எழுந்து வெளியே போவதைக் கண்டு, இடைவேளை வந்துவிட்டதாக்கும் என்று பதறி, கைப்பேசி விளக்கை ஏற்றிக் கழிப்பறைக்கு வழிகாட்டப் போய்விட்டேன். மிருதங்க வித்வான் மேடையிலிருந்து என்னைப் பார்த்த பார்வையைப் பேரன் இன்னமும் நடித்துக்காட்டுகிறான்.

சித்திரைத் திருவாதிரைக்கு உடையவர் உற்சவம் வருகிறதே, தங்கள் தங்கையின் பேரில் ஓர் அர்ச்சனை செய்யச் சொல்லவும். வைகாசியில் நான் மட்டும் ஊருக்கு வருவதாக உத்தேசம். இந்த வருஷம் பாரதம் வைக்கிறார்களானால், திரையின் ஒரு முனையை எனக்கென்று சொல்லி வைத்துவிடுங்கள். இப்போதைய பையன்கள் யாராவது அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் பிடுங்க வேண்டாம், எனக்குப் பெட்ரோமாக்ஸ் போதும். சிவப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு வருவதா, கூடாதா என்பதையும் மறக்காமல் எழுதவும். பேண்டு செட் என்று நினைத்து யாராவது முன்பணம் கொடுத்துவிட்டால் எனக்கு வாசிக்கத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்