இறாலுக்கும் வழி வேண்டும்

கேள்வி: பழவேற்காடு மீனவர் குப்பங்களில்கூடப் பையன்கள் வெளிநாட்டு விசா பற்றியே பேசுகிறார்களே, ஏரி சலித்துவிட்டதா? (வாசகர், பொன்னேரி)

பதில்: சலிக்கவில்லை. ஏரிக்குத்தான் மூச்சு முட்டுகிறது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். மணல் மூடி முகத்துவாரம் அடைபட்டால் இறால் வெளியே நிற்கிறது, மீனவர் வீட்டுப் பையன் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறான்!

இங்கே ‘பாடு’ என்றொரு அருமையான ஏற்பாடு உண்டு. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று ஊரே முறை வைக்கும். முறை தவறாமல் வருகிறது; மீன் வர வேண்டுமே! முகத்துவாரத்தைத் தூர்வாரி, தூண்டில் வளைவு போட்டு, ஆண்டு முழுக்கத் திறந்து வைக்கச் சொல்லித்தான் மீனவர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். நியாயமான கோரிக்கை.

இங்கிருந்து ஆட்கள் கடல் கடப்பது புதிதல்ல. 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இதே பழவேற்காட்டிலிருந்து, பஞ்சத்தில் அடிபட்ட ஏழைகளை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். போகமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. இன்றைய பையனுக்கு அந்த உரிமை இருக்கிறது. இருந்து பிழைக்க வழிதான் குறைகிறது.

ஆசைப்படுகிற எல்லோரும் கிளம்பிவிடுவதுமில்லை. ஐ.நா.வின் 2024 கணக்குப்படி, பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்பவர்கள் சுமார் 30 கோடி. உலகில் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. டிக்கெட்டுக்கும் ஏஜென்டுக்கும் பணம் புரட்ட முடிந்தவர்தான் விமானம் ஏறுவார். முடியாதவருக்குச் சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம்தான் வெளிநாடு. கடன் வாங்கியாவது போகத் துணிந்தவர், அந்த ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பார்க்கட்டும். பணம் கொடுப்பது அதற்கப்புறம்.